ஃபாப்ர் ஜெஃப்ராரின் சீர்திருத்தங்களும் ஹைட்டிக் குடியரசின் நிலையின்மையும் (1859–1867)

ஆய்வுச் சுருக்கம்

கரீபியக் கடலிலுள்ள ஹைட்டிக் குடியரசை 1859 முதல் 1867 வரை ஆண்ட ஃபாப்ர் ஜெஃப்ரார் கல்வி, சமயம், படை, வேளாண்மை, அயலுறவு ஆகிய துறைகளில் விரிவான சீர்திருத்தங்களை மேற்கொண்டவர். எனினும் அவரது ஆட்சிக்காலம் முழுவதும் சதிகளும் கிளர்ச்சிகளும் தொடர்ந்தன. இறுதியில் அவர் தம் பாதுகாப்புக்கென உருவாக்கிய மெய்க்காவற் படையே அவருக்கு எதிராகக் கலகம் செய்தது. சீர்திருத்தங்கள் ஒருபுறமும் நிலையின்மை மறுபுறமும் நின்று மோதின என்னும் வழக்கமான பார்வையை மறுத்து, அச்சீர்திருத்தங்கள் யாருக்குப் பயன்பட்டன, யாருடைய உழைப்பில் நடந்தன, யாருடைய ஆயுதங்களால் காக்கப்பட்டன என்னும் வினாக்களின் வழி, நிலையின்மைக்கான காரணங்களுள் ஒரு பகுதி சீர்திருத்த முறையிலேயே அமைந்திருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஹைட்டி, ஜெஃப்ரார், சல்னாவ், வத்திக்கான் உடன்படிக்கை, ஊரகச் சட்டத்தொகுப்பு, கட்டாய உழைப்பு, கேப்-ஹைட்டியன்.

1. முன்னுரை

1804ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் விடுதலையை அறிவித்த ஹைட்டி, அடிமைகளின் புரட்சி வெற்றிபெற்று உருவான நாடாகும். ஆயினும் அதன் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் ஆட்சிக்கவிழ்ப்புகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பட்டியலில் ஜெஃப்ராருக்குத் தனியிடம் உண்டு. பேரரசர் சுலூக்கின் கொடுங்கோன்மைக்கும் சல்னாவ் காலத்து உள்நாட்டுப் போருக்கும் இடையே தோன்றிய அறிவொளி பெற்ற ஆட்சியாளராக அவர் சித்திரிக்கப்படுகிறார்.

அவரது வீழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் பெருவழக்காக உள்ளன. கருநிறத்தார்க்கும் கலப்பினத்தார்க்கும் இடையிலான நிறப்பகை என்பது ஒன்று. படைத்தலைவர்களின் பதவிவேட்கை என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், நிறப்பகை என்னும் விளக்கத்தை இந்நிகழ்வில் முழுமையாகப் பொருத்திவிட இயலாது. ஜெஃப்ரார் கருமை மிகுந்த நிறத்தவர்; அவரை எதிர்த்து எழுந்த சில்வேன் சல்னாவோ வெளிர்நிறக் கலப்பினத்தவர். அவ்வாறிருந்தும் வடபகுதி உழவரும் தலைநகரின் ஏழை மக்களும் சல்னாவையே தம்மவராகக் கருதினர். பதவிவேட்கை என்னும் விளக்கமும் குறைபாடுடையதே. எல்லாக் காலத்திலும் இருந்த வேட்கை குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட ஓர் ஊரில் மக்கள் ஆதரவைப் பெற்றது ஏன் என்பதற்கு அது விடை தருவதில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுக்களமாகும்.

2. ஆட்சியேற்பும் பெற்ற சுமையும்

ஜெஃப்ரார், 1804ஆம் ஆண்டு விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட தளபதி நிக்கோலா ஜெஃப்ராரின் மகன். 1847இல் குடியரசுத் தலைவராகி 1849இல் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட ஃபாஸ்டேன் சுலூக்கின் படையில் உயர்ந்த தளபதியாக விளங்கினார். அண்டை நாடான டொமினிக்கன் குடியரசின்மீது சுலூக் மேற்கொண்ட படையெடுப்புகள் தோல்வியுற்றதும் அவற்றால் கருவூலம் வறண்டதும் பேரரசின்மீது வெறுப்பை வளர்த்தன. 1858 டிசம்பரில் கொனாயீவ் நகரில் ஜெஃப்ரார் தலைமையில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1859 சனவரியில் சுலூக் முடிதுறந்து ஜமைக்காவுக்குச் சென்றார்.

பேரரசு நீங்கினும் வாழ்நாள் ஆட்சி நீங்கவில்லை. 1846ஆம் ஆண்டு அரசமைப்பு சில திருத்தங்களுடன் மீட்கப்பட்டது. அதன்படி ஜெஃப்ரார் வாழ்நாள் குடியரசுத் தலைவரானார். தேர்தல் வழியாக ஆட்சியை மாற்றும் வாயில் இவ்வாறு அடைபட்டதால், எதிர்ப்புக்குச் சதியும் கிளர்ச்சியுமே வழிகளாக எஞ்சின. ஆட்சியேற்ற அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய மகள் கோரா சதிகாரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓலங்கேட்டு ஓடிவரும் தந்தையை வழிமறித்துக் கொல்வதே அச்சதியின் நோக்கமாக இருந்தது.

புதிய அரசு ஏற்ற பொருளியற்சுமையும் பெரிது. தன் விடுதலையை ஏற்பதற்கு விலையாக 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்கு இழப்பீடு கேட்டது. 1838ஆம் ஆண்டு உடன்படிக்கை எஞ்சிய தொகையை 6 கோடியாகக் குறைத்து, 30 ஆண்டுகளில் செலுத்துமாறு வகுத்தது. முதல் தவணையைச் செலுத்துவதற்கெனப் பாரிசில் பெற்ற கடன் இதற்குப் புறம்பானது. அரசின் வருவாய் பெரும்பாலும் காப்பி ஏற்றுமதியின்மீதான சுங்கவரியாகவே இருந்தது. காப்பியை விளைவித்தவர்கள் மலைச்சரிவுகளில் சிறுநிலம் வைத்திருந்த உழவர்கள். ஆகவே தலைநகரில் எந்தச் சீர்திருத்தம் நிகழினும் அதற்கான பொருள் உழவரின் காப்பி மூட்டையிலிருந்தே வரவேண்டியிருந்தது.

3. யாருக்குப் பயன்: கல்வியும் திருச்சபையும்

ஜெஃப்ரார் ஆட்சியின் முதன்மையான அருஞ்செயல் கல்வித்துறையில் நிகழ்ந்தது. கல்வியமைச்சர்களான ஷான் சிமோன், எலி துபுவா ஆகியோரின் முயற்சியால் ஜாக்மெல், ஜெரெமி, சேன்-மார்க், கொனாயீவ் ஆகிய நகரங்களில் உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. சட்டப் பள்ளி நிறுவப்பட்டது. முந்தைய ஆட்சிகளில் நலிந்திருந்த மருத்துவப் பள்ளி மீண்டும் உயிர்பெற்றது. பிற்கால ஹைட்டியின் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள் எனப் பலர் இந்நிறுவனங்களின் வழி உருவாயினர்.

1860 மார்ச் 28ஆம் நாள் வத்திக்கானுடன் செய்துகொண்ட உடன்படிக்கை மற்றொரு பெருநிகழ்வு. விடுதலைக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திருத்தந்தையின் ஏற்பைப் பெறாதிருந்த ஹைட்டித் திருச்சபை இதனால் முறைப்படுத்தப்பட்டது. பேராயரையும் ஆயர்களையும் குடியரசுத் தலைவர் முன்மொழிவார், திருத்தந்தை உறுதிசெய்வார், குருமார்க்கு அரசு ஊதியம் தரும் என்பன அதன் முதன்மைக் கூறுகள். 1864இல் கிறித்தவ போதனைச் சகோதரர்களும் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரியரும் பள்ளி நடத்த வந்தனர். 1865இல் தலைநகரில் சேன்-மார்சியால் கல்லூரி தோன்றியது.

இவ்வுடன்படிக்கையின் அரசியற்பயன் தெளிவானது. ஐரோப்பிய அரசொன்றுடன் சமநிலையில் ஒப்பந்தம் செய்யும் தகுதி ஹைட்டிக்கு உண்டு என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. ஆனால் இவ்விரு சீர்திருத்தங்களும் கடலோர நகரங்களையே மையமாகக் கொண்டிருந்தன. பள்ளிகளில் பயிற்றுமொழி பிரெஞ்சு. மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் பேசியதோ கிரெயோல். வந்த குருமாருள் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர். நாட்டுப்புற மக்களின் வாழ்வோடு பிணைந்திருந்த வூடு சமயத்தை அவர்கள் மூடவழக்கமாகவே கண்டனர். மொழியாலும் சமயத்தாலும் நகரத்துக்கும் ஊரகத்துக்கும் இடையே முன்னரே இருந்த பிளவுக்கு இச்சீர்திருத்தங்கள் நிறுவன வடிவம் தந்தன எனலாம்.

இதற்குத் தக்க சான்று பிசோத்தோன் வழக்கு. தலைநகரையடுத்த பிசோத்தோன் என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறுமி காணாமற்போனாள். வூடு வழிபாட்டில் அவளைக் கொன்று உண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட எண்மர் 1864 பிப்ரவரி 13ஆம் நாள் பொதுவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அயல்நாட்டுத் தூதர்கள் விசாரணையை நேரில் கண்டனர். அவர்களுள் ஒருவரான பிரித்தானியப் பேராளர் ஸ்பென்சர் செயின்ட் ஜான், குற்றத்தை ஒப்புக்கொண்ட பெண்ணொருத்தி தான் அடிக்கப்பட்டதை மன்றில் நினைவூட்டியதாகத் தாமே பதிவு செய்துள்ளார். அதே ஆண்டு சூனியச் செயல்களுக்கான தண்டனைகள் சட்டத்திருத்தத்தால் கடுமையாக்கப்பட்டன. தம் நாடு நாகரிகமுற்றது என்பதை அயலாருக்குக் காட்டும் நோக்கம் இவ்வழக்கில் அரசுக்கு இருந்தது. விளைந்த பயனோ நேர்மாறானது. 1884இல் வெளிவந்த செயின்ட் ஜானின் நூல் இவ்வழக்கையே சான்றாகக் கொண்டு, ஹைட்டியை நரமாமிசம் உண்போர் நாடாக ஐரோப்பிய வாசகர்க்குக் காட்டியது.

4. யாருடைய உழைப்பில்: குடியேற்றமும் ஊரகச் சட்டமும்

வேளாண் ஏற்றுமதியைப் பெருக்குவது ஜெஃப்ராரின் பொருளியற்கொள்கையாக இருந்தது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதால் உலகச் சந்தையில் பருத்தி விலை உயர்ந்தது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்தப் பருத்திச் சாகுபடி ஊக்குவிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய ஆட்களை அரசு வட அமெரிக்காவில் தேடியது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும். ஏறத்தாழ அதே காலத்தில் அண்டையிலிருந்த பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853 முதலும் குவாதலூப்புக்கு 1854 முதலும் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய தமிழர் பலர். ஹைட்டியோ ஒப்பந்தக் கூலிமுறையை நாடவில்லை. வட அமெரிக்கக் கருப்பின மக்களை நிலமும் குடியுரிமையும் சமய உரிமையும் தருவதாகக் கூறி அழைத்தது. பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ரெட்பாத் தலைமையில் இதற்கென ஒரு குடியேற்ற அலுவலகம் இயங்கியது.

நோக்கம் உயர்ந்ததாயினும் நடைமுறை தளர்ந்தது. வந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரவர். காய்ச்சலும் நில ஒதுக்கீட்டுக் காலத்தாழ்வும் அவர்களை வாட்டின. பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். 1861இல் நியூ ஹேவனிலிருந்து ஒரு குழுவை அழைத்துவந்த அருட்டிரு ஜேம்ஸ் தியோடர் ஹோலி, முதலாண்டிலேயே தாயையும் மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்தார். இருப்பினும் அவர் நாட்டைவிட்டு நீங்காது 1874இல் ஆயரானார். போர் முடிந்தபின் பருத்தி விலையும் வீழ்ந்தது.

வெளியிலிருந்து உழைப்பாளரைப் பெறுவது கைகூடாத நிலையில், உள்நாட்டு உழவரின் உழைப்பைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் பழைய முறை புத்துயிர் பெற்றது. 1826ஆம் ஆண்டு புவாயே ஆட்சியில் இயற்றப்பட்ட ஊரகச் சட்டத்தொகுப்பு உழவரை நிலத்தோடு பிணைக்க முயன்று நடைமுறையில் தோற்றிருந்தது. 1864இல் ஜெஃப்ரார் அரசு புதிய ஊரகச் சட்டத்தொகுப்பை இயற்றியது. சாலைகளைப் பேணுவதற்கு ஊரக மக்கள் ஊதியமின்றி உழைத்தல் வேண்டும் என்னும் விதி அதில் இடம்பெற்றிருந்தது. நகரத்தாரை இவ்விதி கட்டுப்படுத்தவில்லை. அடிமை முறையைத் தம் கைகளால் தகர்த்தோரின் பிள்ளைகளுக்கும் பெயரர்க்கும் ஊதியமில்லா உழைப்பு என்பது வெறும் வரியாகத் தோன்றியிருக்க இயலாது. தலைநகருக்குக் காப்பியைக் கொண்டுசெல்லும் சாலையும், கிளர்ச்சியை ஒடுக்கப் படையைக் கொண்டுவரும் சாலையும் ஒன்றே என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

5. யாருடைய காவலில்: படைக்குறைப்பும் அயலார் பீரங்கியும்

பேரரசுக் காலத்தில் பெருத்திருந்த படையை ஜெஃப்ரார் ஏறத்தாழ 30,000 பேரிலிருந்து 15,000 பேராகக் குறைத்தார். கருவூலத்தைக் காக்கவும் ஆட்களை உழவுக்குத் திருப்பவும் இது தேவைப்பட்டது. ஆனால் ஹைட்டியில் படை என்பது போர்க்கருவி மட்டுமன்று. ஊரக இளைஞனொருவன் அரசியலில் இடம்பெறுவதற்கிருந்த ஏறக்குறைய ஒரே வாயில். பள்ளி நகரத்தார்க்கும் படை ஊரகத்தார்க்கும் ஏணிகளாக இருந்த சூழலில், முதலாவது ஏணி உயர்த்தப்பட்டது, இரண்டாவது குறுக்கப்பட்டது. குறைக்கப்பட்ட படைக்கு ஈடாகத் தலைவரின் நேரடிப் பார்வையில் பயிற்சி பெற்ற ‘திராயேர்’ என்னும் மெய்க்காவற் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. பாதுகாப்பு நாட்டின் பொறுப்பிலிருந்து தனியொருவரின் பொறுப்புக்கு மாறியதன் அடையாளம் இது.

மன்றத்திலும் இதே போக்குக் காணப்பட்டது. அரசின் செலவினங்களை வினவிய பிரதிநிதிகள் அவை 1863இல் கலைக்கப்பட்டது. அவ்வவையில் எதிர்க்குரல் எழுப்பியவர்களுள் கேப்-ஹைட்டியன் நகரின் பிரதிநிதியும் எழுத்தாளருமான டெமெஸ்வார் டெலோர்ம் ஒருவர். ஈராண்டுகளுக்குப் பின் அவர் கிளர்ச்சியாளர் அணியில் காணப்படுகிறார். கல்வியறிவு மிக்க சீர்திருத்தச் சார்பாளர் ஒருவரே ஆயுதக் கிளர்ச்சியின் பக்கம் நகர்ந்தார் என்பது, எதிர்ப்பு முழுவதையும் பழைமைவாதமெனத் தள்ளிவிடலாகாது என்பதற்குச் சான்றாகும்.

1865 மே மாதம் சல்னாவ் கேப்-ஹைட்டியனைக் கைப்பற்றினார். 1820 வரை கிறிஸ்தோஃப் மன்னரின் தனியரசு நிலவிய வடபகுதியின் தலையாய நகரம் அது. 1842ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்துபோனது. தலைநகரின் ஆதிக்கத்தின்மீது அந்நகருக்கு நெடுநாட் குறை உண்டு. அரசுப் படை பல மாதங்கள் முற்றுகையிட்டும் நகரை மீட்க முடியவில்லை.

அக்டோபர் 23ஆம் நாள் பிரித்தானியப் போர்க்கப்பலான ‘புல்டாக்’ இம்மோதலில் நுழைந்தது. பிரித்தானியக் கப்பலொன்றைக் கிளர்ச்சியாளரின் கலம் துரத்தியதும், பிரித்தானியத் துணைத்தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தோரைக் கிளர்ச்சியாளர் கைப்பற்றியதும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. எதிர்க்கலத்தை மோதி அழிக்க முயன்ற புல்டாக் பாறைத்திட்டில் தரைதட்டியது. நாள் முழுதும் பீரங்கிப்போர் புரிந்தபின் அதன் தலைவரே அதை வெடிவைத்துத் தகர்த்தார். நவம்பர் 9ஆம் நாள் ‘கலாட்டியா’ முதலிய பிரித்தானியக் கப்பல்கள் நகரின் கோட்டைகளைக் குண்டுவீசித் தகர்க்க, அரசுப் படை நகருக்குள் நுழைந்தது. சல்னாவ் தப்பிச் சென்றார்.

இவ்வெற்றியே ஜெஃப்ராரின் தோல்விக்குத் தோற்றுவாய். அயலார் நிலவுடைமை பெறுவதைச் சட்டத்தால் தடைசெய்த நாடு அது. மீண்டும் ஐரோப்பியப் படை வருமென்ற அச்சத்தில் மலைமுகடுகளில் கோட்டை எழுப்பிய நாடும் அதுவே. அந்நாட்டின் இரண்டாம் பெருநகரை வெள்ளையர் பீரங்கியால் இடித்து மீட்ட தலைவர், சட்டப்படி ஆட்சியில் நீடித்தாலும் அறத்தகுதியை இழந்துவிட்டார். சல்னாவோ தோற்றபின் முன்னிலும் பெருமை பெற்றார். 1867 பிப்ரவரியில் திராயேர் படையினர் கலகம் செய்தனர். மார்ச் 13ஆம் நாள் ஜெஃப்ரார் குடும்பத்துடன் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். எட்டாண்டுகளுக்கு முன் சுலூக் சென்ற அதே தீவு அது. கிங்ஸ்டன் நகரிலேயே அவரது வாழ்வு முடிந்தது.

6. எதிர்வாதமும் மதிப்பீடும்

ஜெஃப்ராருக்கு வேறு வழி இருந்ததா என்னும் வினா எழுவது இயல்பு. அவர் சந்தித்த புறச்சூழல் கடுமையானது. 1861 மார்ச்சில் ஸ்பெயின் டொமினிக்கன் குடியரசை மீண்டும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஜெஃப்ரார் அதனைக் கண்டித்து அறிக்கை விட்டார். அவ்வாண்டு சூலையில் ஸ்பானியக் கடற்படை தலைநகரின்முன் நின்று இழப்பீடும் கொடிக்கு வணக்கமும் கேட்டபோது அவர் பணிய நேர்ந்தது. ஆயினும் 1863இல் எழுந்த டொமினிக்கன் மீட்புப் போராளிகளுக்கு அவர் மறைவாக உதவினார். 1865இல் ஸ்பெயின் வெளியேறியது. 1862 சூனில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஹைட்டியின் விடுதலையை ஏற்றது. 1864இல் நட்பு, வணிக உடன்படிக்கை கையெழுத்தானது. அடிமை முறை நிலவிய பேரரசுகள் சூழ்ந்த கடலில் இவை சிறிய வெற்றிகள் அல்ல.

கடன்சுமையும் அயல் அச்சுறுத்தலும் அவரது தெரிவுகளைக் குறுக்கின என்பதை ஏற்றல் வேண்டும். ஆனால் குறுகிய தெரிவுகளுக்குள்ளும் அவர் தேர்ந்தவை ஒரே திசையில் அமைந்தன. வாழ்நாள் பதவி, கலைக்கப்பட்ட அவை, கட்டாயச் சாலையுழைப்பு, தனிக்காவற்படை ஆகிய நான்கும் எந்த அயல்நாடும் வற்புறுத்திப் பெற்றவை அல்ல. கிளர்ச்சியாளர் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1867 சூன் மாத அரசமைப்பு சான்று. அது வாழ்நாள் பதவியை நீக்கி நான்காண்டுப் பதவிக்காலத்தை வகுத்தது. சல்னாவே அதனைக் காக்கத் தவறியதும், உள்நாட்டுப் போரில் தோற்று 1870 சனவரி 15ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டதும், சிக்கல் ஒருவருடைய குணக்கேட்டில் மட்டும் இல்லை என்பதையே காட்டுகின்றன.

7. முடிவுரை

ஜெஃப்ராரின் சீர்திருத்தங்கள் பயனற்றுப் போகவில்லை. பள்ளிகள் நிலைத்தன, வத்திக்கான் உடன்படிக்கை அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ஆயின் பயன் நகரத்திலும் செலவு ஊரகத்திலும் காவல் தனியொருவரிடமும் அயலாரிடமும் அமைந்த சீர்திருத்தம், தன்னைக் காக்க எழும் மக்களை உருவாக்கவில்லை. 1867இல் அவரைக் காக்க எந்த நகரும் எந்தச் சிற்றூரும் எழாததற்கு நிறமோ வேட்கையோ முழு விளக்கமாகா.

அவரது ஆட்சியின் எச்சங்களுள் மிக நீண்டகாலம் வாழ்ந்தவற்றில் ஒன்று 1864ஆம் ஆண்டின் சாலையுழைப்பு விதி. 1915இல் ஹைட்டியைக் கைப்பற்றிய அமெரிக்கக் கடற்படையினர், 1916 முதல் சாலையமைக்க உழவரைக் கட்டாயப்படுத்தியபோது, வழக்கொழிந்து கிடந்த அவ்விதியையே எடுத்தாண்டனர். கயிற்றில் பிணைத்து உழவரை வேலைக்கு இட்டுச்சென்ற அக்கொடுமை, சார்லமான் பெரால்ட் தலைமையிலான பெருங்கிளர்ச்சிக்கு வித்திட்டது. ஹைட்டியர் ஒருவர் தம் நாட்டை நவீனமாக்க இயற்றிய சட்டம், அரை நூற்றாண்டுக்குப் பின் அந்நாட்டை அடிப்படுத்தியோரின் கைக்கருவியாயிற்று. ஆட்சியாளரின் நோக்கத்தை மட்டும் கொண்டு சீர்திருத்தங்களை அளவிடும் வரலாற்றெழுத்தை மறுஆய்வு செய்ய இவ்வொரு விதியின் பிற்கால வரலாறே போதிய காரணமாகும்.